ராணியை முதலிலேயே காட்டிவிட்டார்கள்

ஞாயிறு, இரவு.

எங்கள் ஊர்க் கூத்தைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். அக்காவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. கூத்தில் ராணி, இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடுவாள். கால் சலங்கை மட்டும்தான் தெரியும். பாட்டு முடிந்த பிறகே முகம். படத்திலோ, முதல் காட்சியிலேயே ராணி அருவியில் குளிக்கிறாள்!

ஆட்டோவில் இதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். "நீ என்னிக்குடி கூத்த முழுசா பாத்த? கோமாளி போறதுக்குள்ள தூங்கிடுவ. முழுக் கதையே இன்னிக்குத்தான் உனக்குத் தெரிஞ்சிருக்கும். படம் சூப்பர்டி."

ஆட்டோக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

தூங்குவேன்தான். யார் இல்லை என்றது? ஆனால் வருஷா வருஷம், "ஏந்திரிடி, ராணிக்குத் திரை புடிச்சிட்டாங்க" என்று தொடையில் கிள்ளி எழுப்பியது யார்? இதே அக்காதானே!