முதல் பரிசு என்று நான் சொன்ன திங்கட்கிழமை

நேற்று என் கண்ணாடியின் ஒரு கால் முறிந்துவிட்டது. சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் சரிசெய்யக் கொடுத்தேன். கடைக்காரர் அதைத் தன் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, என்னை நாற்காலியில் உட்காரவைத்து எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அடிவரிசை வரைக்கும் படித்துவிட்டேன்.

"உன் கண்ணுல ஒரு குறையும் இல்லையேம்மா. யாரு இதைப் போடச் சொன்னது?"

"எங்க அக்கா" என்றேன்.

அந்த அக்கா நீங்கள்தான், ஆனால் எனக்கு உறவு இல்லை. ஜூரோங்கில், வானொலிப் பாகங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் வரிசையில் என் பக்கத்து நாற்காலி. உங்களுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்குப் பதினாறு. நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. இந்தக் கண்ணாடி எதனால் வந்தது என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது.

கம்பெனி பஸ்ஸில் புதிதாக ஏறும் பெண்கள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் பேசுவார்கள். "தமிழ்ல சொல்லுடி, புரியும்" என்பீர்கள். அவர்கள் அப்போதுதான் உங்கள் பொட்டைப் பார்ப்பார்கள். பிறந்த சில நாளில் சீனக் குடும்பம் ஒன்று உங்களைத் தமிழ் வீட்டில் கொடுத்துவிட்டது. அப்படி வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பெற்றவள் யார் என்பதும் நம் ஆட்களுக்குத் தெரியும். தேக்கா மார்க்கெட்டில் கீரை விற்கும் ஆன்ட்டி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம்தான் கீரை வாங்குவீர்கள். அவள் ஒரு கட்டு கூடுதலாகப் பைக்குள் போடுவாள். நீங்களும் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், அவளும் சொல்ல மாட்டாள்.

ஒவ்வொரு வாரமும் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு வாங்குவீர்கள். திங்கட்கிழமை ஓட்டுநர் வாங்கும் பேப்பர் கைமாறி நம் இருக்கைக்கு வந்ததும் சீட்டை என் மடியில் போடுவீர்கள். "என் கண்ணு பட்டா விழாதுடி. நீ பாரு." நான் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் என் வேலை.

விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் பஸ்ஸில் தினமும் பேச்சு. "எனக்கு விழுந்தா கம்பெனியையே வாங்கி, சூப்பர்வைசரைக் கக்கூஸ் கழுவ விடுவேன் லா" என்பாள் ஸ்டெல்லா. நீங்கள் கார் என்பீர்கள், சமையலுக்கு ஆள் என்பீர்கள். ஆனால் ஒரு நாள் என்னிடம் மட்டும் வேறு சொன்னீர்கள். "விழுந்தா முதல்ல தேக்காவுக்குப் போவேன். என்னை எவ்வளவுக்கு வித்தேன்னு கேட்பேன். சின்ன வயசுல தெருப்பிள்ளைங்க நூறு வெள்ளிக்கு வாங்கினதுன்னு சொல்லும். வளர்த்த அம்மாகிட்டக் கேட்டா முகத்தைத் திருப்பிக்கும். சொல்லாமலே போய்ச் சேர்ந்துடுச்சு." இப்போதே போய்க் கேட்டால் என்ன என்று நான் மெதுவாகக் கேட்டேன். "கையில காசில்லாம போனா, காசு கேட்க வந்திருக்கான்னு நினைப்பா" என்றீர்கள்.

அதே நாளில்தான் நானும் சொன்னேன். ஆறாம் வகுப்பில் தோற்றதால்தான் பள்ளியை விட்டேன் என்று. மற்றவர்களிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் பேச்சு வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதில் வந்து நின்றது. நீங்கள் என் தோளில் தட்டி, "நான் இவளைத்தான் வச்சுக்குவேன். அடிச்சாலும் சத்தம் வராது. ஆறாங்கிளாஸ் பெயிலு, சம்பளமும் கம்மிதான்" என்றீர்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்து, "பெயிலா?" என்றாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

திங்கட்கிழமை சீட்டு என் மடியில் விழுந்தது. உங்கள் நம்பர் பேப்பரில் எங்கும் இல்லை. "முதல் பரிசு, அக்கா" என்றேன்.

பத்து எண்ணிவிட்டுப் பொய் என்று சொல்வதாக இருந்தேன். நீங்கள் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதற்குள் எழுந்துவிட்டீர்கள். "அண்ணே, நிறுத்துங்க." பஸ் நின்றது. "நான் இனிமே வரமாட்டேன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடுங்கடி." எல்லோரும் கத்திக்கொண்டு எழுந்தார்கள். நீங்கள் குனிந்து என் காதில் சொன்னீர்கள்: "வேலைக்காரின்னது விளையாட்டுக்குடி. உன்னை நான் திரும்பப் படிக்க வைக்கிறேன்."

என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கதவு மூடியது.

மார்க்கெட்டில் நடந்ததை ஸ்டெல்லாவின் அம்மா பார்த்திருக்கிறார். கடை முன்னால் நின்று, எல்லோருக்கும் புரியும்படி மலாயில் கேட்டீர்களாம். என்னை எத்தனை வெள்ளிக்கு விற்றாய், சொல், இரண்டு மடங்காக உன் முகத்தில் எறிகிறேன். ஆன்ட்டி தலை நிமிரவில்லை. கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். மூன்று தடவை கேட்டீர்களாம். அதன் பிறகுதான் நம்பர் கடைக்குப் போனீர்கள். அங்கே சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினீர்கள். எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். பின்னால் யாரோ, "கார் ரிப்பேரா அக்கா?" என்று கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"சரியாப் பாத்தியாடி?"

"கண்ணு மங்கலா இருந்துச்சுக்கா" என்றேன். பொய் என்றால் எனக்குச் சத்தம் வருகிறது.

என் முகவாயைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தீர்கள். "எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். இந்த வேலையில எல்லார் கண்ணும் போகும்" என்றீர்கள். சம்பளத்தன்று கண்ணாடிக் கடைக்கு என் கையைப் பிடித்து அழைத்துப் போனீர்கள். தெரிந்த எழுத்துகளையெல்லாம் தெரியாதது போல் மாற்றி மாற்றிச் சொன்னேன். போட்டுக்கொண்டதும் தரை மேடாகத் தெரிந்தது. "இப்ப நல்லாத் தெரியுதா?" என்றீர்கள். "நல்லாத் தெரியுதுக்கா."

நீங்கள் அதன் பிறகு தேக்காவுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்தே கிடந்தீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். நம்பர் வாங்குவதையும் விட்டுவிட்டீர்கள். விழுந்தால் என்ன செய்வாய் என்று ஸ்டெல்லா ஒரு தடவை கேட்டபோது, "ஒண்ணுமில்ல" என்றீர்கள். மழைக்காலத்தில் டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். காய்ச்சல் வந்த மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். நீங்கள் போகவில்லை. சாவு வீட்டில் நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆன்ட்டி வரவில்லை.

போன மாதம் ஒரு வார நாளில் கம்பெனிக்குப் போகாமல் மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். உங்களுக்குப் பணம் விழவில்லை, நான்தான் பொய் சொன்னேன், அதனால்தான் அன்றைக்கு வந்தீர்கள், இப்போது நீங்கள் உயிரோடு இல்லை என்று. வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை.

இறந்தது தெரியும் என்றாள். அன்றைக்குப் பக்கத்தில் மூத்த மகன் நின்றானாம். அவனுக்குத் தங்கை உண்டு என்பதே தெரியாதாம். மறுநாள் நீங்கள் தனியாக வருவீர்கள், சொல்லிவிடலாம் என்று பார்த்தாளாம். மறு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தாளாம்.

எவ்வளவுக்கு என்று நான் கேட்டேன். உங்களுக்காகத்தான் கேட்டேன்.

சீனப் பஞ்சாங்கத்தில் புலி வருஷத்தில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்று ஆன்ட்டியின் மாமியார் பிடிவாதமாக நின்றாளாம். மலாயா பக்கம் தூரத்தில் யாருக்காவது கொடு என்றாளாம். ஆன்ட்டி அதற்கு இணங்கவில்லை. சிராங்கூனில் விசாரித்து, பிள்ளையில்லாத ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, பால் வாங்க என்று தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அவர்களிடம் கொடுத்தாளாம். அதுவரை அவள் எந்த மார்க்கெட்டிலும் கீரை விற்றவள் இல்லை. அந்த வீட்டுக்கு எது பக்கம் என்று பார்த்துத்தான் தேக்காவில் இடம் பிடித்தாளாம்.

சொல்லி முடித்துவிட்டு, இனி இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை என்றாள். அதற்குள் ஒருவர் கீரை கேட்டு வந்தார். எழுந்து எடுத்துக் கொடுத்தாள்.

உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அக்கா. அது என்னிடம் இருக்கிறது.