முதுகு மட்டும் நினைவில் நின்ற காவலர்

அண்ணாச்சி,

கண் ஆபரேஷன் முடிந்து இன்று ஒன்பதாம் நாள். காலையில் மருமகள் சொட்டு மருந்து விட்டதும் அதன் கசப்பு தொண்டைக்குள் இறங்கியது. "கண்ணுல ஊத்துனா வாயில கசக்குதே" என்று நீங்கள் முகம் சுளித்தது நினைவுக்கு வந்தது. உங்களுக்கு அந்த ஆபரேஷன் நடந்து நாலு வருஷம் ஆகிறது. நீங்கள் போய் மூன்று வருஷம் தாண்டிவிட்டது.

அப்போது உங்களைப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மத்தியானங்களில் நான் வந்து வாசித்துக் காட்டினேன். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர், "சண்டை இல்லாத புத்தகமா எடுத்துட்டு வா" என்றீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில், அட்டையில் மலைப்படம் போட்டிருந்த ஒன்றைப் பயண நூல் என்று நம்பி எடுத்தேன். ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வாயைத் திறந்தால் சிறை என்றிருந்த ஒரு நாட்டிலிருந்து கைக்குழந்தையோடு தப்பிய பெண், தன் கதையை எழுதியிருந்தாள். வேறு வழியில்லாமல் அதையே வாசித்தேன்.

நாலு நாள் பேசாமல் கேட்டீர்கள். ஐந்தாம் நாள் அவள் எல்லைக்கு வந்து சேர்ந்தாள். விடிகிற நேரம். பாலத்தருகே நின்ற காவலர் அவளைப் பார்த்துவிட்டார். பிறகு திரும்பிக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அவள் கடந்து போகும்வரை கட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் துப்பாக்கிச் சத்தம். திரும்பிப் பார்க்காமல் நடந்தாளாம். அவர் முகம் ஞாபகமில்லை, முதுகுதான் ஞாபகம் என்று எழுதியிருந்தாள்.

"ஏலே, அந்த இடத்தத் திரும்பப் படி."

படித்தேன். இன்னொரு தடவை என்றீர்கள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. ஆபரேஷன் செய்த கண் கெட்டுவிடுமே என்று பயந்து புத்தகத்தை மூடினேன். அப்போதுதான், மதினியிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னீர்கள்.

எல்லைக் காவலில் இருந்தபோது ஒரு விடியலில், அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். சின்னது இடுப்பில். வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. நீங்கள் ஒன்றுக்குப் போகிறவர்போலப் புதர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டீர்கள். அரைமணி நேரம் கழித்து, அவர்கள் போன திசையில் ஒரு வெடிச்சத்தம். விசாரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

"முப்பது வருசமா அந்தச் சத்தம் காதுல கெடக்குலே. திருப்பி அனுப்பியிருந்தா உசுரோட இருந்திருப்பாகளோ என்னமோ."

தீபாவளி வந்தால் நீங்கள் ஏன் வத்திராயிருப்புத் தோப்புக்குப் போய்விடுகிறீர்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.  நீங்கள் புத்தகத்தைக் காட்டிக் கேட்டீர்கள்.

"இந்தப் பொம்பள தப்பிச்சிட்டாளா?"

"தப்பிச்சதுனாலதான அண்ணாச்சி புத்தகம் எழுதியிருக்கா."

"சத்தம் கேட்ட பொறவும்?"

"கேட்ட பொறவும்தான்."

 பிறகு, "அப்ப, சத்தம் கேட்டாலே செத்துட்டாகன்னு இல்ல" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள். மதினியைக் கூப்பிட்டுக் காப்பி கேட்டீர்கள். அது வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டீர்கள். மதினி எழுப்பப் போனார். வேண்டாம் என்று கைகாட்டினேன்.

மறுநாளே மதினியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். அந்தத் தீபாவளிக்குத் தோப்புக்குப் போகவில்லை. பேத்தி சரம் கொளுத்த, ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போட்டாலும், நாற்காலியைவிட்டு எழாமல் இருந்தீர்கள். அடுத்து வந்த தை மாதம், மாரடைப்பில் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் அழுகைக்கு நடுவிலும் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு நீங்கள் போகவில்லை.

அந்த மூவரும் என்ன ஆனார்கள் என்று எனக்கும் தெரியாது. ஆனால் இப்போது அவர்கள் என்னோடு இருக்கிறார்கள். இடுப்பிலிருந்த பிள்ளைக்கு முப்பத்தைந்து வயதாவது இருக்கும். ஏதோ ஓர் ஊரில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று திட்டிக்கொண்டே தன் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.