ஆண் என்று அழுத்தினேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

மகளின் பள்ளியில் இன்று அம்மாக்களுக்குப் போதைத் தடுப்புக் கூட்டம். பேச வந்த பெண் எல்லோர் போனிலும் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக யோசித்துச் செய்ததாம்.

பெண் என்று அழுத்தினேன். உங்கள் கணவர் வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறார் என்று கேட்டது. அவர் துபாயில் இருக்கிறார். பீடி கூடத் தொட்டதில்லை. தூக்க மாத்திரை இல்லாமல் இருக்க முடியாதவள் நான்தான். மகள் பிறந்தபோது டாக்டர் ஒரு மாதத்துக்கென்று எழுதிக் கொடுத்தது. அவளுக்கு இப்போது ஒன்பது வயது.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "பொம்பளைங்களுக்கே பழக்கம் இருந்தா எதை அழுத்தணுங்க?"

அவர் சிரித்தார். "தெருவுக்குத் தெரு சாராயக்கடை. காரைக்கால்ல ஆம்பளைங்களைத் திருத்துறதே பெரும்பாடுங்க. ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

பக்கத்தில் என் நாத்தனார் நின்றாள். "இல்லங்க, சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆண் என்று அழுத்தினேன். என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, விட்டுப் பார்த்தீர்களா, கை நடுங்கியதா என்று கேட்டது. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள். ஒன்றுக்கும் பொய் சொல்லவில்லை. பெயர் கேட்டபோது மட்டும் என் கணவர் பெயரைப் போட்டேன். ஒரு பாவமும் அறியாத மனுஷன்.

"சகோதரரே, துணிந்து சொன்னதற்கு நன்றி. எங்கள் ஆலோசகர் நாளை உங்களை அழைப்பார்" என்று பதில் வந்தது.

நான் எடுத்துப் பேசினால், "போனை உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுங்கம்மா" என்பார்.