வரைவில் கிடந்த பதினொரு கடிதங்கள்

2025 யூன் 3, செவ்வாய்

காலையில் ஒரு மின்னஞ்சல். என் வலைப்பூ இருக்கிற தளத்தை ஓகஸ்ட் 31 உடன் மூடுகிறார்களாம். அதற்கு முன் பதிவுகளை வேறு தளத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

பதினைந்து வருடம். 318 பதிவுகள். மருந்துக்கடைக்கு வருகிற சனம், உடுவில் ஒழுங்கைகள், கிணற்றடிப் பூனை, மழை. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கதைக்க ஆளில்லாத வீடு இது. நான் கதைத்ததெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

யூன் 5

கடைசிப் பதிவை வாசித்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு நான். ஒருமுறை போனில், ஒருமுறை கணினியில்.

யூன் 15, ஞாயிறு

முதலாவதாகப் பார்த்த புதுத் தளம் சரிவரவில்லை. பழைய இடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கி அதில் ஏற்றினேன். படங்கள் வரவில்லை. எல்லாப் பதிவுக்கும் இன்றைய திகதி விழுந்துவிட்டது, 2011 வெள்ளமும் கொரோனா ஊரடங்கும் ஒரே நாளில் நடந்ததுபோல. பின்னூட்டம் எழுதியவர்கள் எல்லாரும் ‘பெயரிலி’ ஆகிவிட்டார்கள். இருக்கிற கொஞ்சப் பேருக்கும் பேர் இல்லையென்றால் பிறகென்ன?

முழுவதையும் அழித்தேன். சமைக்க மனமில்லை. பாணும் வாழைப்பழமும்.

யூன் 16

கடையில் றொசாந்தியிடம் சொன்னேன். குருநகரிலிருந்து வருகிற பிள்ளை, என்னோடு வேலை செய்யத் தொடங்கி நான்கு வருடம். “ஏனக்கா உதிலை மினக்கெடுறியள்? ஆர் இப்ப உதெல்லாம் வாசிக்கினம்?” என்றாள். குத்திச் சொல்கிற பிள்ளை இல்லை. அறியத்தான் கேட்டாள்.

அதற்குள் மருந்துச் சிட்டையோடு ஆள் வந்தது நல்லதாகப் போயிற்று.

யூன் 22, ஞாயிறு, காலை

முடிந்தது. வேறொரு தளம். ‘எல்லாவற்றையும் கொண்டுவா’ என்று ஒரு பெட்டி இருந்தது, சரி போட்டேன். இருபது நிமிடத்தில் படம், திகதி, பின்னூட்டம், எழுதியவர்களின் பெயர் எல்லாம் ஒழுங்காக வந்து நின்றன. புதுப் பதிவு போட்டால் மின்னஞ்சலில் தகவல் பெறுகிற இருபத்தேழு பேரின் முகவரியும் கூடவே வந்தது.

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வீட்டுக்குக் குடிபோன மாதிரி.

அதே நாள், பின்னேரம்

உடுப்பிட்டியில் தம்பிஐயா மாஸ்ரர் என்று ஒருவர், என் பதிவுகளை வாசிக்கிறவர், நேரில் பார்த்ததில்லை. அவரிடமிருந்து மின்னஞ்சல். “பிள்ளை, இன்று உங்களிடமிருந்து பதினொரு பதிவுகள் மின்னஞ்சலில் வந்தன. எல்லாம் உங்கள் அண்ணருக்கு எழுதியவை போல் தெரிகிறது. அறிந்துதான் அனுப்பினீர்களா? முதலாவதற்கு மேல் நான் வாசிக்கவில்லை.”

வரைவுகள். எழுதிவிட்டு வெளியிடாமல் வைத்திருந்தவை. பழைய தளத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. புதுத் தளம் அவற்றைப் புதுப் பதிவு என்று எடுத்து இருபத்தேழு பேருக்கும் அனுப்பிவிட்டது.

அந்த இருபத்தேழில் அண்ணையின்ரை முகவரியும் கிடக்கு. கனடா போன புதுசிலை, 2012இலை சேர்ந்தவர். நான் அதை மறந்தே போனன். ஏன் ஒருக்கால் பாக்கேல்லை? ஏன் அந்தப் பெட்டியிலை சரி போட்டன்?

எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். ஆனால் போன தபால் போனதுதான்.

யூன் 23

ஒருதரம் இங்கேயாவது நேராக எழுதிவிடுகிறேன்.

2016 மார்ச். அம்மா கடைசி மூன்று நாளும் இந்த வீட்டில்தான் கிடந்தா. நினைவு தவறி இருந்தவ, ஒன்றும் தெரியாமல் போனவ என்றுதான் அண்ணையிடம் சொன்னேன். பொய். கடைசி நாள் மத்தியானம்வரை தெளிவாக இருந்தவ. போன் அடிக்கும்போதெல்லாம் “ரூபனோ? குடு பிள்ளை, ஒருக்கால் வந்திட்டுப் போகச் சொல்லுவம்” என்று கையை நீட்டினவ. அடித்தது அண்ணைதான். “அம்மா நித்திரை” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதைத்தேன்.

அப்போது அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. வந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். வா மோனை என்று அம்மா ஒரு சொல் சொன்னால் அவர் அன்றைக்கே விமானம் ஏறுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் சாகிற மனுசியின் கையில் போனைக் கொடுக்கவில்லை.

இதைத்தான் பதினொரு தரம் எழுதினேன். ஒருதரமும் அனுப்பவில்லை.

பிறகு அவர் எடுக்கிற நேரமெல்லாம் கெதியாகக் கதையை முடித்துவிடுவேன். கூடக் கதைத்தால் வாயில் வந்துவிடுமோ என்ற பயம். கிழமைக்கு ஒருக்கால் எடுத்தவர் மாதத்துக்கு ஒருக்கால் என்றாகி, பிறகு வருடப்பிறப்பு, தீபாவளி என்று போய்விட்டது. பாரம் தூக்கினது நான், தூரப்போனது அவர் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தள்ளிவிட்டது ஆர்?

யூன் 25

அண்ணையின் மனைவி, கீர்த்திகா மச்சாளின் செய்தி: “இவர் வேலைக்கும் போகேல்லை. ஒருத்தரோடையும் கதைக்கிறாரில்லை. ஒன்பது வருசத்துக்குப் பிறகு ஏன் மச்சாள் உதை அனுப்பினனீங்கள்?”

தவறுதலாகப் போய்விட்டது என்று எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால் அது இன்னும் மோசமாக இருந்தது.

யூன் 29

அண்ணைக்குப் போன் எடுத்தேன். மணி போய் நின்றது.

யூலை 2

அண்ணை திருப்பி எடுக்கவில்லை. நானும் இனி எடுக்கப் போவதில்லை.

யூலை 9, புதன்

முழு வலைப்பூவையும் அழிக்கிற பக்கம்வரை போனேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. இந்தக் கிழமை இந்த வீட்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அது ஒன்றுதான். மூடிவிட்டு எழும்பி வந்தேன்.

கடையில் ஒரு கிழவருக்கு மருந்து மாறிக் கொடுக்கப் பார்த்தேன். றொசாந்தி கண்டுவிட்டாள். “சுகமில்லையோ அக்கா?” என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

யூலை 19, சனி

காலை ஏழரை. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணை.

அங்கே அவர் ஓட்டுகிற பாரவண்டியை எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்திருக்கிறார். பின்னால் வாகனங்கள் போகிற இரைச்சல்.

“அருந்ததி.”

“ஓம் அண்ணை.”

“ரண்டாம் நாள் நான் எடுத்தபோது பின்னாலை ஒரு குரல் கேட்டது. ஆரெண்டு கேட்டன். ரேடியோ எண்டு சொன்னனீ.”

“ஓம்.”

“அம்மாவின்ரை குரல் எனக்குத் தெரியாதே?”

கதிரையில் இருந்துவிட்டேன்.

“தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான். போனைக் குடு எண்டு கேட்டிருக்கலாம். கேட்டால் வா எண்டு சொல்லுவா, சொன்னால் வரவேணும். வந்தால் எல்லாம் போயிடும். நீ பொய் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு, தங்கச்சி. அதுதான் வதிவிடக் காட் கிடைச்சும் ஊருக்கு வராமல் இருக்கிறன். உன்ரை முகத்தைப் பாக்கேலாது.”

நான் செய்தது பிழை என்றேன். “பிழைதான்,” என்றார். “ரண்டு பேருந்தான்.”

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த அறையில் கிடந்தவ, எந்தப் பக்கம் தலை வைத்தவ, கடைசியாக என்ன குடித்தவ. சொன்னேன். இளநீர், மூன்று கரண்டி. என்ன சொன்னவ என்றும் கேட்டார். அதையும் ஒளிக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“அந்த மூண்டு நாளும் உன்னோடை ஆர் நிண்டது?”

ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. நானும் என்னைக் கேட்டதில்லை.

“ஒருத்தருமில்லை அண்ணை.”

அவர் போனை வைக்கவில்லை. நான் அழுது முடியுமட்டும் அந்த வாகன இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

யூலை 20

பத்து மணிவரை நித்திரை. எத்தனை வருடத்துக்குப் பிறகு.

யூலை 27

தம்பிஐயா மாஸ்ரருக்கு நன்றி சொல்லி எழுதினேன். மற்றப் பத்தும் வாசிக்காமல் விட்டதற்கு.

ஓகஸ்ட் 2

பதினொன்றையும் என்ன செய்ய என்று அண்ணையைக் கேட்டேன். “எனக்கு வந்திட்டுதுதானே. இனி அங்கை ஏன்?” என்றார். அழித்தேன். நிச்சயமாக.

ஓகஸ்ட் 30, சனி

பழைய தளம் நாளையோடு மூடுகிறதாம். நினைவூட்டல் வந்திருந்தது. திறந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

காலையில் அண்ணை எடுத்தார். மச்சாள் புட்டுக் குழைக்கத் தண்ணியைக் கூட விட்டுவிட்டாவாம், களியாகிவிட்டதாம், ஆனால் சாப்பிட்டாராம். முழங்கால் நோகிறதாம், என்ன மருந்து போட என்று கேட்டார். கிணற்றில் இப்போது எவ்வளவு தண்ணி நிற்கிறது என்று கேட்டார். அம்மாவைப் பற்றி ஒரு கதையும் வரவில்லை. நேரம் போனது தெரியாமல் கடைக்கு நாற்பது நிமிடம் பிந்திவிட்டேன்.

றொசாந்தி தனியாக நின்று சனத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். “என்னக்கா, நீங்கள் ஒரு நாளும் பிந்துறதில்லையே?”

“அண்ணை எடுத்தவர். கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன்.”

மருந்துப் பெட்டியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒரு அண்ணை இருக்கிறாரோ அக்கா?”

“ஓம்,” என்றேன்.