ஆற்றில் விட்ட சாரம்

நேற்று கடைத்தெருவில் சாரம் கேட்டேன். "லுங்கின்னு கேளும் அண்ணாச்சி. டிவில எல்லாம் அப்படித்தான சொல்லுதாங்க" என்றார் கடைக்காரர். வாங்காமல் இறங்கிவிட்டேன். புதுத்துணியின் கஞ்சி வாடை மட்டும் வீடுவரை கூடவே வந்தது. உம் நினைப்பும்.

மில்லில் நம் இருவருக்கும் ஒரே ஷிப்ட். வேலை முடிந்து நான் நூலகத்துக்குள் போனால், நீர் வாசலில் சைக்கிளோடு நிற்பீர். சாரம் நம் சொல்லன்று, மலாய்க்காரர்களின் 'சாரோங்'தான் கப்பலேறி வந்து இங்கே சாரமாயிற்று என்று நான் படித்துச் சொன்னபோது டீக்கடையே சிரித்தது. "இடுப்புல கட்டுததுக்கும் அகராதி பாக்காரு வே இவரு!" அதிகம் படிக்காதவன் சொன்னால் யார் கேட்பார்கள்? நீர் மட்டும் சிரிக்கவில்லை.

"அங்கன அதுக்கு என்ன அர்த்தம் வே?"

"உறை. கத்திக்குப் போடுவாங்கள்லா, அந்த மாதிரி."

டீக்கடையை விட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தீர். உம் தகப்பனார் மலாயாத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாதவர். அவர் அங்கே உடுத்திய சாரம்தான், கூட வேலைபார்த்த ஒருவர் கையில் உம் வீடு வந்து சேர்ந்தது. ஆடி அமாவாசைக்கு அதை உடுத்தித்தான் ஆற்றில் முழுகுவீர்.

"சரியாத்தான் பேரு வச்சிருக்கான். உள்ள இருந்தவரு அங்கனயே போயிட்டாரு, உறை மட்டும் வந்துட்டு" என்றீர். பிறகு பையச் சொன்னீர்: "நான் போனா இத ஆத்துல விட்டுரக்கூடாது. நீரு பாத்துக்கிடும்."

உம் காரியம் முடிந்த அன்று, வழக்கப்படி உம் துணிகளை மூட்டையாகக் கட்டிப் பாபநாசம் படித்துறைக்குக் கொண்டுவந்தான் உம் மகன். சாரமும் அதற்குள் இருந்தது. தரச் சொன்னேன். "கிழிஞ்ச கைலி பெரியப்பா, அதப் போயி..." என்றான். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். "இவருக்கு எப்பவும் இதே பாட்டுதான்" என்று யாரோ என்னைப் பின்னுக்கு இழுத்தார். மூட்டை தண்ணீரில் விழுந்தது.

உதறிவிட்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் மூட்டையைப் பிடித்து அவிழ்த்து, அதை மட்டும் எடுத்துக்கொண்டு கரையேறினேன். "செத்தவரு துணிய எடுக்காரே, கிறுக்கு புடிச்சிட்டா?" என்று படித்துறையே கூச்சலிட்டது. உம் மகன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். பின்புறம் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவ்வப்போது வெயிலில் உலர்த்துகிறேன். இந்த ஆடி அமாவாசைக்கு அதை உடுத்தி, உம் பேரைச் சொல்லி முழுகினேன்.

நாளை என் பிள்ளைகளும் என் துணிகளை மூட்டையாகக் கட்டி அதே படித்துறைக்குத்தான் கொண்டுபோவார்கள். இதுவும் அதில் இருக்கும். பார்த்துக்கொள்ளும் என்று நீர் சொல்லிவிட்டுப் போக நான் இருந்தேன். எனக்கு அப்படி ஆளில்லை.