பாடு என்றால் என்ன

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

தேவராஜ் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் உறுத்துகிறது.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் குப்பம்மாவுக்கும், நெல் விளைவிக்கும் தேவராஜுக்கும் காலையில் தகராறு. ஒரு பறி, அதாவது ஓலைக்கூடை நிறைய இறாலுக்கு அவள் ஐந்து படி அரிசி கேட்டாள். அவர் இரண்டு என்றார். வாத்தியார் தீர்த்து வைக்கட்டும் என்று என்னிடம் வந்தார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை செருப்பு ஈடாகும் என்று யோசித்த பழைய கிரேக்க ஞானி ஒருவரை உதாரணம் காட்டினேன். தேவைதான் அளவுகோல் என்றவர் அவர். தேவராஜ் வீட்டில் விருந்தாளிகள், குப்பம்மா வீட்டில் அரிசி இல்லை. தேவை சமம், மூன்று படி என்றேன்.

"அவரு நாக்குக்குக் கேக்குறாரு, நான் வயித்துக்குக் கேக்குறேன். ரெண்டும் ஒண்ணா சார்? என் பாடு இன்னான்னு கேட்டியா?" என்றாள் குப்பம்மா.

இங்கே பாடு என்றால், ஏரியில் வலை போடச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கும் அவரவர் முறை.

"கையால பிடிக்கிறவங்களுக்கு ஏதும்மா பாடு?" என்றேன்.

தேவராஜ் சிரித்தார். "கரெக்டு சார், மூணு படியே இருக்கட்டும்."

இப்போதுதான் புரிகிறது. அவள் சொன்னது படுகிற பாட்டை. விடிந்ததிலிருந்து சேற்றுத் தண்ணீரில், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்கிற பாட்டை.

அந்த ஞானியின் மீதும் சந்தேகம் வருகிறது. அவர் காலத்தில் கைவேலை பலவற்றை அடிமைகள் செய்தார்கள். செருப்பு தைத்த கை வலித்ததா என்று அவர் யாரைக் கேட்டிருப்பார்?

நானும் கேட்கவில்லை. தேவராஜுக்கு அவள் சொன்னது அப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிவதற்குள் அரிசியை அளந்துவிட்டார்.