மாஹிராவை அழைத்துப்போ

ஷமீமா கண்ணு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஸலாம்.

நீ என்னை நம்பி விட்டுப்போன என் பேத்தி மாஹிரா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். கொரோனா காய்ச்சல் போன பிறகும் மூக்கில் வாசனை ஏறவில்லை, தூக்கம் இல்லை, மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

நோன்பு வாயால் ருசி பார்க்காமல், ஆவியை முகர்ந்தே கஞ்சிக்கு உப்புச் சொல்கிறவள் நான். செஞ்சியில் வேறு யாருக்கு அது வரும்? நேற்று உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கிறேன். நோன்பு திறக்க வந்த பக்கத்து வீட்டு நூர்ஜஹான், "இன்னாக்கா, கடல் தண்ணீலயா கஞ்சி காச்சின?" என்று சிரித்தாள். "உன் நாக்குதான்டி செத்துப்போச்சு" என்றேன்.

கொஞ்சம் இரு, அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அணைந்துதான் இருக்கிறது. இன்று காலை அப்படி இல்லை. கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனேன். பிறகு தீப்பெட்டியோடு வந்தபோது மாஹிரா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நன்னி, கேஸ் நாத்தம் அடிக்குது! உனக்குத் தெரில?" என்றாள். பிள்ளையைத்தான் திட்டினேன்.

போன வாரம் பார்த்த டாக்டர், "அந்தக் காய்ச்சல் மூளையையும் தொட்டுட்டுப் போவும்மா, இது பைத்தியம் இல்ல" என்றார். எனக்கா பைத்தியம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பெருநாள் வரை காத்திருக்காதே. வந்து மாஹிராவை அழைத்துப்போ.

அடுத்த முறை வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உன்னை வா என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை அழைக்க வரும்போது ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா